தவிர என்றொரு சொல்

சதுரம் செவ்வகமா, இல்லையா?

பள்ளிப் பிள்ளைகளிடம் இந்தக் கேள்வியைப் போட்டால் பெரும்பாலும் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். செவ்வகம் என்றால் நீளமாக இருக்கணும், பெஞ்சுப் பலகை மாதிரி, வாசல் கதவு மாதிரி. சதுரம் என்றால் கேரம் போர்டு மாதிரி. அது வேற, இது வேற. கணக்கு படித்தவரிடம் கேட்டால் ‘ஆமாம், சதுரமும் செவ்வகம்தான்’ என்பார். நான்கு கோணமும் செங்கோணமாக இருக்கும் நாற்கரம் எதுவோ அது செவ்வகம். சதுரத்துக்கு நான்கு கோணமும் செங்கோணம். கேட்ட நிபந்தனையை அது நிறைவேற்றிவிட்டது. பக்கங்களும் சமமாக இருப்பது அதனுடைய கூடுதல் சேதி. அதைக் காட்டி அதை வெளியே தள்ள முடியாது.

பிள்ளைகள் சொல்வதை முட்டாள்தனம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். அவர்கள் மனசில் ஒரு வரையறை இருக்கிறது. செவ்வகம் என்பது நான்கு கோணமும் செங்கோணமாக உள்ள, பக்கங்கள் எல்லாம் சமமாக இல்லாத நாற்கரம். இதில் முதல் பாதி பண்பைச் சொல்கிறது. பின் பாதி ஒருவரை வெளியே நிறுத்துகிறது. ‘இல்லாத’, ‘அல்லாத’, ‘மட்டும்’, ‘தவிர’ என்கிற இந்தச் சின்னச் சொற்கள் வரையறைக்குள் எப்படி வந்து உட்காருகின்றன, உட்கார்ந்து என்ன வேலை பார்க்கின்றன என்பதைத்தான் இங்கே பேச விரும்புகிறேன். தலித் பத்திரிகையில் வடிவியலுக்கு என்ன வேலை என்று சில தோழர்கள் கேட்கலாம். வகைப்படுத்தல் என்கிற காரியத்தைப் பற்றி நம்மைவிட அதிகமாக அனுபவித்தவர்கள் இந்த மண்ணில் யாரும் இல்லை. ஆகவே அதைப் பற்றிப் பேச வேறு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

பிள்ளைகளின் வரையறை புதிதல்ல. சுமார் 2300 ஆண்டுகளுக்கு முன் யூக்ளிட் தன் ‘மூலங்கள்’ நூலின் முதல் பகுதியில், 22ஆவது வரையறையில், இதே வழியில்தான் நாற்கரங்களைப் பிரித்தார். பக்கமும் சமம், கோணமும் செங்கோணம் என்றால் சதுரம். கோணம் செங்கோணம், ஆனால் பக்கம் சமமில்லை என்றால் நீள்சதுரம். பக்கம் சமம், ஆனால் கோணம் செங்கோணமில்லை என்றால் சாய்சதுரம். எதிர்ப்பக்கமும் எதிர்க்கோணமும் சமம், ஆனால் பக்கம் எல்லாம் சமமுமில்லை கோணம் செங்கோணமுமில்லை என்றால் நாலாவது வகை. இந்த நாலிலும் சேராத மிச்சம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பெயர், கிரேக்கத்தில் ‘சின்ன மேசை’ என்று பொருள்படும் ஒரு சொல். நாலு பேருக்குத் தனித்தனிப் பெயர், தனித்தனி இடம். அதற்கு வெளியே கிடக்கும் எண்ணற்ற வடிவங்களுக்கு மொத்தமாக ஒரு குப்பைக்கூடை. நாலு வருணம், அதற்கு வெளியே அவர்ணர் அல்லது பஞ்சமர் என்று வைத்தவர்களின் அடுக்கை இது ஞாபகப்படுத்தினால் நான் பொறுப்பல்ல. யூக்ளிட்டுக்கு மனுவைத் தெரியாது. ஒற்றுமையை அளவுக்கு மீறி இழுக்கவும் வேண்டாம். ஆனால் வகைப்படுத்தும் மனசு எங்கே இருந்தாலும் மிச்சத்தைக் கொட்ட ஒரு கூடை அதற்குத் தேவைப்படுகிறது என்பது மட்டும் நிசம்.

இதில் சுவாரசியமான சங்கதி அப்புறம்தான் வருகிறது. வரையறையில் இவ்வளவு கறாராகப் பிரித்த யூக்ளிட், நிறுவல் வேலையைத் தொடங்கியதும் அந்தப் பிரிவினையைக் கிடப்பில் போட்டுவிடுகிறார். நீள்சதுரம் என்ற பெயரை எடுத்து அவர் எதையும் நிறுவுவதில்லை. முதல் பகுதியின் 33, 34ஆம் தேற்றங்களுக்கு வரும்போது, வரையறைப் பட்டியலில் சொல்லாத ‘இணைகரம்’ என்ற ஒன்றைக் கொண்டுவருகிறார். எதிர்ப்பக்கங்கள் இணையாக உள்ளது எதுவோ அது இணைகரம். சதுரமும் அதில் சேர்த்தி, சாய்சதுரமும் சேர்த்தி. இரண்டாம் பகுதியின் முதல் வரையறையில் செங்கோண இணைகரம் என்கிறார். அங்கே சதுரம் தவிர என்று அவர் எழுதவில்லை. எழுதினால் கட்டடம் நிற்காது. கௌரவத்துக்காகப் பிரித்து வைத்தது, வேலை செய்யும்போது உதவவில்லை.

ஏன் உதவவில்லை என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். இணைகரத்தின் மூலைவிட்டங்கள் ஒன்றையொன்று சரிபாதியாக வெட்டும். இதை ஒரு தடவை நிறுவிவிட்டால் போதும். செவ்வகமும் இணைகரம்தான் என்பதால் அதற்கும் அது உண்டு. சாய்சதுரத்துக்கும் உண்டு. சதுரத்துக்கும் உண்டு. யாரும் தனி மனு போட வேண்டியதில்லை, தாலுகா ஆபீஸ் படியேற வேண்டியதில்லை. மேலே உள்ள வகைக்கு நிறுவப்பட்டது கீழே உள்ள அத்தனை வகைக்கும் தானாக இறங்குகிறது. ‘சதுரம் தவிர’ என்று எழுதிவிட்டாலோ, செவ்வகத்துக்குக் கிடைத்த ஒவ்வொன்றையும் சதுரம் தனியாக நின்று திரும்ப நிரூபித்துக் காட்ட வேண்டும். மூலைவிட்டம் சமமா? நிரூபி. எதிர்ப்பக்கம் இணையா? நிரூபி. பண்பு அதனிடம் இருக்கிறது. கண்ணால் பார்க்கிறோம். இருந்தும் நிரூபி. நம்ம ஆட்களுக்கு இந்தச் சோலியை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை.

மாலை வகுப்பில் நாங்கள் இதை ஈர்க்கிலை வைத்துச் செய்து பார்ப்பதுண்டு. தென்னை ஈர்க்கிலில் ஒரே நீளத்தில் நாலு துண்டு, சைக்கிள் வால்வு டியூபை நறுக்கி மூலைக்கு மூலை கோத்தால் சதுரம். ஒரு மூலையை விரலால் தள்ளினால் சாய்ந்து சாய்சதுரம் ஆகிவிடும். ஒரு பயல் அதைத் தள்ளியும் நிமிர்த்தியும் விளையாடிக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டான்: ‘சாரே, எப்பம் இது சதுரம் இல்லாமப் போவுது? நான் எந்த எடத்துல தள்ளும்போ?’ நல்ல கேள்வி. செங்கோணத்திலிருந்து ஒரு மயிரிழை விலகினாலும் அது சதுரம் இல்லை. ஆனால் அந்த நேரம் முழுவதும் அது நாலு பக்கமும் சமமான உருவமாகவே இருந்தது. சாய்சதுரத்தை ‘நாலு பக்கமும் சமமான நாற்கரம்’ என்று வரையறுத்தால், நிமிர்ந்து நிற்கிற அந்த ஒரு கணத்திலும் அது சாய்சதுரம்தான். ‘செங்கோணம் தவிர’ என்று வரையறுத்தால், நிமிர்ந்த அந்த ஒரு கணத்தில் மட்டும் அது சாதியை விட்டு வெளியே போய், மறு கணம் மறுபடியும் உள்ளே வர வேண்டும். தமிழில் வைத்திருக்கிற பெயரே வேடிக்கை. சாய்ந்த சதுரம் சாய்சதுரம். நிமிர்ந்து நிற்பது இயல்பு, சாய்ந்தது அதன் குறை என்கிற மாதிரி. சமபக்க நாற்கரம் என்று யாராவது பெயர் வைத்திருந்தால் இந்தக் குழப்பத்தில் பாதி இருந்திருக்காது.

கணக்கு இவ்வளவு போதும். இந்த மாவட்டத்தின் சரித்திரத்துக்கு வருகிறேன்.

1859இல் திருவிதாங்கூர் ராசா ஒரு விளம்பரம் வெளியிட்டார். தோள்சீலைக் கலகம் என்று நாம் சொல்லும் நெடிய போராட்டத்துக்குப் பணிந்து வந்த ஆணை அது. சாணாரப் பெண்கள் கிறிஸ்தவச் சாணாரப் பெண்களைப் போலச் சட்டை போட்டுக்கொள்ளலாம். முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம். எந்த விதமாக வேண்டுமானாலும் மார்பை மூடிக்கொள்ளலாம். ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது. இதுதான் அதன் சாரம். படித்துப் பாருங்கள், அப்படியே யூக்ளிட்டின் 22ஆவது வரையறை. ‘கோணம் செங்கோணம், ஆனால் பக்கம் சமமில்லை’. ‘மூடிக்கொள்ளலாம், ஆனால் அவர்களைப் போல் இல்லை’. துணி கொடுக்கிறான், கூடவே ‘தவிர’ என்ற சொல்லையும் கொடுக்கிறான். மானத்தை மறைப்பது அல்ல அங்கே பிரச்சினை. இரண்டு பெண்களைத் தூரத்திலிருந்து பார்க்கிற ஒருவன் யார் எந்த வகை என்று கண்டுபிடிக்க முடியாமல் போய்விடக் கூடாது, அதுதான் பிரச்சினை. உள்ளடக்கும் வரையறையை ஆதிக்கம் ஏன் வெறுக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்த விளம்பரத்தின் அந்த வரியில் புலையப் பெண்ணும் இல்லை, சாம்பவப் பெண்ணும் இல்லை. 1855இல்தான் அடிமை முறையை ஒழித்ததாக அதே அரசு அறிவித்திருந்தது. நாலு வருடத்தில் அடிமையின் மகளுக்கு மார்பு இருப்பது யார் கண்ணில் படப்போகிறது?

சுசீந்திரத்திலும் ஒரு நாற்கரம் இருக்கிறது. கோயிலைச் சுற்றித் தேர் ஓடும் வீதிகள். கோயிலுக்குள் போவது இருக்கட்டும், இந்தத் தெருக்களில் நடப்பதற்கே 1926இல் சத்தியாக்கிரகம் செய்ய வேண்டியிருந்தது. கோட்டாற்று டாக்டர் எம். இ. நாயுடு அதற்கு முன்னின்றார். பொதுத்தெரு எல்லாருக்கும் உரியது என்பது பொது விதி. இந்த வீதிகள் தவிர என்பது வரையறை. 1936 நவம்பர் 12இல் ஆலயப் பிரவேச விளம்பரம் வந்தபோதுதான், பிறப்பாலோ மதத்தாலோ இந்துவாக உள்ள யாருக்கும் அரசின் கட்டுப்பாட்டில் உள்ள கோயில்களில் தடையில்லை என்று ஆனது. இந்து என்று நம்மை எண்ணிக்கைக்குச் சேர்த்துக்கொண்டது எப்போது, இந்துவுக்கு உரியது நமக்கு இறங்கியது எப்போது என்று இரண்டு தேதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வடிவியலில் இந்த இரண்டுக்கும் இடையே ஒரு நிமிசம்கூட இடைவெளி கிடையாது. சேர்த்த அந்தக் கணமே எல்லாத் தேற்றமும் இறங்கிவிடும். இறங்காவிட்டால் சேர்த்ததாகவே அர்த்தம் இல்லை.

ஆகவே உள்ளடக்கல் என்றாலே நல்லது, விலக்கல் என்றாலே கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. நம்மை விழுங்குவதற்காகச் செய்யப்படும் உள்ளடக்கலும் உண்டு. 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் 2ஆவது பிரிவைப் பாருங்கள். முஸ்லிமோ கிறிஸ்தவரோ பார்சியோ யூதரோ அல்லாத எவரும், வேறு வழக்கம் அவருக்கு உண்டென்று நிரூபிக்கப்படாத வரை, அந்தச் சட்டத்துக்குள் வருகிறார். அதாவது இந்து என்பது சட்டத்தில் ஓரளவுக்கு மிச்சத்தின் பெயர். யூக்ளிட்டின் சின்ன மேசை! எதுவாக இருக்கிறான் என்று சொல்லாமல், எதுவாக இல்லை என்று சொல்லி ஆளைச் சேர்க்கிறார்கள். சேர்த்த பிறகு ‘நாமெல்லாம் ஒண்ணு’ என்கிறார்கள். செரி, ஒண்ணு என்றால் தேற்றத்தை இறக்கு. கிணற்றில், சுடுகாட்டில், கருவறையில், பெண் கொடுத்துப் பெண் எடுப்பதில் இறக்கு. அப்போது ‘அது வேற’ என்பார்கள். எண்ணும்போது உள்ளே, பங்கு வைக்கும்போது வெளியே. எந்தக் கணக்கு வாத்தியாரும் இதற்கு மார்க் போட மாட்டார்.

வகைப்படுத்தலில் பண்பு முதலில் வருகிறதா, பெயர் முதலில் வருகிறதா என்பதே முக்கியமான கேள்வி என்று எனக்குப் படுகிறது. கொத்தனார் வானம் தோண்டக் கயிறு போடும்போது கவனித்திருப்பீர்கள். நாலு மூலையிலும் முளை அடித்து நூல் கட்டியதும், எதிர் எதிர்ப் பக்கம் அளவு சரியா என்று பார்ப்பார். பிறகு மூலைக்கு மூலை குறுக்கே நூல் பிடிப்பார். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால் மட்டம் சரி, நாலு மூலையும் செங்கோணம். எதிர்ப்பக்கங்கள் சமமாக இருந்து மூலைவிட்டங்களும் சமமானால் அது செவ்வகம் என்ற தேற்றத்தைத்தான் அவர் கயிற்றால் நிறுவுகிறார். யார் நூல் பிடித்தாலும் அதே விடைதான் வரும். பண்பு மனையில் கிடக்கிறது. அளந்தவன் எந்தத் தெரு என்று மனை கேட்பதில்லை. சாதியில் நடப்பது தலைகீழ். அங்கே முதலில் பெயரை வைக்கிறான். பிறகு அந்தப் பெயருக்குப் பண்பு கற்பிக்கிறான். அழுக்கு, சோம்பல், புத்தி மட்டு. அதையும் மீறி ஒருவன் படித்து நிமிர்ந்துவிட்டால், ‘அவன் தனி ரகம்’ என்று அவனை மட்டும் விதிவிலக்காக்கிவிட்டு விதியைக் காப்பாற்றிக்கொள்கிறான்.

1936இல் அச்சான ‘சாதி ஒழிப்பு’ உரையில் அம்பேத்கர் ஆரிய சமாசக்காரர்களை மடக்குவது இந்த இடத்தில்தான். பிறப்பை விட்டுவிடுவோம், குணத்தை வைத்து நாலாகப் பிரிப்போம் என்றார்கள் அவர்கள். குணம்தான் அளவுகோல் என்றால் பிராமணன், சூத்திரன் என்கிற பழைய பெயர்ச்சீட்டு எதற்கு என்று அவர் திருப்பிக் கேட்டார். அதோடு விடவில்லை. மனிதர்களை நாலு குழிக்குள் அடைக்க முடியாது, பிளேட்டோவின் மூன்று வகுப்பும் இதே காரணத்தால்தான் தோற்றது என்றும் வாதாடினார். ஆட்களுக்குள் இருக்கும் வேறுபாடு எண்ணில் அடங்காதது. வடிவியல் இதை ஒப்புக்கொள்கிறது. சதுரம், செவ்வகம் என்று ஆறேழு பெயர் வைத்திருந்தாலும், பெயரில்லாத நாற்கரங்கள்தான் உலகத்தில் அதிகம். நாஞ்சில் நாட்டு வயலில் இறங்கி வரப்பைப் பார்த்தால் தெரியும். ஒரு வயலாவது பாடப்புத்தகத்துப் படம் மாதிரி இருக்கிறதா? புலப்படம் வரைகிறவர்கள் அதனால்தான் குறுக்கே கோடு போட்டு முக்கோணங்களாகப் பிரித்து அளக்கிறார்கள். நாலு பக்கத்தின் நீளம் மட்டும் தெரிந்தால் நாற்கரத்தைத் தெரிந்துகொண்டதாக ஆகாது. ஈர்க்கில் சதுரம் சாய்ந்த கதைதான். குறுக்களவோ செங்குத்தோ சொல்லாமல் பரப்பைக் கேட்கிறவனும் சொல்கிறவனும் பிசாசு என்று பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே லீலாவதியில் பாஸ்கரர் திட்டியிருக்கிறார். பத்திரத்தில் நான்கெல்லை எழுதுவது நமக்குத் தெரியும். சோழர் சாசனங்களிலும் பெருநான்கெல்லை வரும். ராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் வருகின்றன, ஊரின் மொத்த நிலத்திலிருந்து கழித்துக் காட்டும் வரிசையில். ஆயிரம் வருடமாகக் கணக்கில் நாம் இருக்கிறோம். கழித்தலில்.

ஆனால் வகைப்படுத்தலே வேண்டாம் என்று நாம் சொல்ல முடியுமா? முடியாது. பட்டியல் என்பதும் வகைப்படுத்தல்தான். இடஒதுக்கீடு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இரண்டும் அதன் மேல்தான் நிற்கின்றன. எங்கே அடித்தானோ அங்கேதான் மருந்து போட முடியும். வலிக்கிற இடத்துக்குப் பெயர் வேண்டும். ஆகவே பட்டியலைக் கிழி என்கிற பேச்சு நமக்கானதல்ல. பட்டியலில் எங்கெல்லாம் ‘தவிர’ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்ப்பது நமக்கான வேலை.

1950ஆம் ஆண்டு அரசியலமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணையின் 3ஆவது பத்தி அப்படிப்பட்டது. மேலே என்ன சொல்லியிருந்தாலும், இந்து மதம் தவிர வேறு மதத்தைப் பின்பற்றுகிறவர் பட்டியல் சாதியினர் ஆக மாட்டார் என்பது அதன் பொருள். 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள். 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் வெளியே. கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்தப் பத்தியின் கனம் வேறு எந்த ஊரையும்விட அதிகம். மயிலாடியில் சாம்பவர் குலத்தில் பிறந்த மகாராசன் வேதமாணிக்கம் தஞ்சாவூரில் ஞானஸ்நானம் வாங்கி வந்தார். அவர் அழைத்ததன்பேரில் மிஷனரி ரிங்கல்தௌபே 1806இல் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் திருவிதாங்கூருக்குள் வந்தார். 1809இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. தென் திருவிதாங்கூரில் சீர்திருத்த சபையின் கதையைத் தொடங்கி வைத்தவர் ஒரு தலித். அந்த வழியில் வேதத்துக்குப் போன சாம்பவக் குடும்பங்கள் ஆணையின்படி பட்டியல் சாதி இல்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டிருக்கிறார்கள். ஒரே குடும்பத்தில் அண்ணன் பிள்ளைக்கு ஒரு சான்றிதழ், தம்பி பிள்ளைக்கு வேறு சான்றிதழ். இரண்டு பேரையும் ‘எந்தத் தெருவுடே?’ என்று கேட்கிறவன், எந்தக் கோயிலுக்குப் போகிறாய் என்று பார்த்தா கேட்கிறான்?

சூசை வழக்கு நினைவிருக்கலாம். சென்னையில் சாலையோரம் செருப்புத் தைக்கிறவர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. ஆதி திராவிடராகப் பிறந்து கிறிஸ்தவரானவருக்கு இல்லை என்றது. அதே சாலை, அதே வெயில், கையில் அதே ஊசி. 1985இல் உச்ச நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளியது. மதம் மாறிய பிறகும் சாதிக் கொடுமை அதே ஆழத்தில் தொடர்கிறது என்று போதிய ஆதாரத்தோடு காட்ட வேண்டும் என்றது. பாருங்கள், சதுரத்தைத் தனியாக நிரூபிக்கச் சொல்லிவிட்டார்கள். 2007இல் அறிக்கை தந்த ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்த 3ஆவது பத்தியையே நீக்கச் சொன்னது. நீக்கவில்லை. 2022இல் கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைத்தார்கள். இந்த இடத்தில் சபைகளையும் சும்மா விடக்கூடாது. கிறிஸ்துவுக்குள் சாதியில்லை என்று பிரசங்கத்தில் சொல்லிக்கொண்டு, கல்லறைத் தோட்டத்தில் சுவர் வைத்தவர்களும் தமிழ்நாட்டில் உண்டு. சாதியில்லை என்று அவர்கள் சொன்ன பொய்யைத்தான் அரசு ஆதாரமாக எடுத்துக்கொள்கிறது. சாதியில்லை என்று சபை சொல்கிறது, ஆகவே நீ தலித் இல்லை என்கிறது அரசு. இரண்டு பேரும் சேர்ந்து ஆளுக்கொரு பக்கம் வரைந்த உருவம் இது.

இன்னும் விசித்திரம் வேண்டுமானால் வண்ணாரைப் பாருங்கள். கன்னியாகுமரி மாவட்டத்திலும் செங்கோட்டைத் தாலுகாவிலும் வண்ணார் பட்டியல் சாதி. தமிழ்நாட்டின் மற்ற இடங்களில் அதே மக்கள் மிகவும் பிற்படுத்தப்பட்டோர். 1956 நவம்பர் 1 வரை இந்தப் பகுதிகள் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தன, பழைய பட்டியல் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஆரல்வாய்மொழியைத் தாண்டி வள்ளியூர்ப் பக்கம் போனால் அதே வெள்ளாவி, அதே துறை, அதே பழமொழி, அதே ஏச்சு. வகை மட்டும் வேறு. ஒரு சதுரத்தைத் தூக்கிக் கணவாய்க்கு அந்தப் பக்கம் வைத்தால் அது செவ்வகம் இல்லாமல் போய்விடும் என்று சொல்கிற வடிவியலை நான் படித்ததில்லை.

இனி நமக்குள்ளேயே சண்டை கிளப்புகிற விசயம். 2009இல் தமிழ்நாடு அரசு பட்டியல் சாதிகளுக்கான 18 சதவீதத்துக்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம் ஒதுக்கியது. நம் தோழர்களில் பலர் இதைப் பிளவு என்றார்கள். 2004இல் சின்னையா வழக்கில் உச்ச நீதிமன்றமும் ஏறக்குறைய அதையே சொல்லியிருந்தது. பட்டியல் சாதிகள் எல்லாம் ஒரே வகுப்பு, உள்ளே கோடு போடக்கூடாது. 2024 ஆகஸ்டு 1இல் தேவிந்தர் சிங் வழக்கில் ஏழு பேர் அமர்வு அதை மாற்றி, உள்வகைப்படுத்தல் செல்லும் என்றது. என் அபிப்பிராயத்தில் 2004 தீர்ப்பு தர்க்கத்திலேயே கோணல். செவ்வகங்களுக்கு நடுவே சதுரத்துக்குத் தனிப் பெயர் இருப்பதால் செவ்வகம் உடைந்துவிடுவதில்லை. சதுரம் செவ்வகமாகவும் இருக்கிறது, கூடுதலாகச் சதுரமாகவும் இருக்கிறது. தமிழ்நாட்டு ஏற்பாடும் அப்படித்தான் அமைந்திருக்கிறது. அருந்ததியர் தங்கள் 3 சதவீதம் நிரம்பிய பின்னும் மற்ற பட்டியல் சாதியினரோடு மீதி இடங்களுக்குப் போட்டியிடலாம். உள்ளே இருந்துகொண்டே தனியாகவும் இருக்கலாம் என்பதுதானே உள்ளடக்கும் வரையறை! ‘அருந்ததியர் தவிர’ என்று யாராவது எழுதினால் அப்போது சண்டை போடுவோம், நானும் வருகிறேன். 2024 தீர்ப்பில் நீதிபதிகளில் நாலு பேர் வசதி வந்த தலித்தைக் கழிக்க வேண்டும் என்று சொன்னதை இதோடு சேர்த்துக் குழப்பக்கூடாது. அது வேறு காரியம். அது மறுபடியும் ‘தவிர’.

தலித் பெண்களின் எழுத்தை வாசித்தபோதெல்லாம் எனக்கு இந்த வடிவியல் படம் ஞாபகம் வந்திருக்கிறது. செவ்வகம் ஒரு வட்டம், சாய்சதுரம் ஒரு வட்டம், இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறும் இடத்தில் சதுரம். செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் சமம், ஆனால் செங்குத்தாக வெட்ட வேண்டும் என்றில்லை. சாய்சதுரத்தில் செங்குத்தாக வெட்டும், ஆனால் சமமாக இருக்க வேண்டும் என்றில்லை. சதுரத்தில் இரண்டும் உண்டு. அது பாதி செவ்வகமும் பாதி சாய்சதுரமும் கலந்த கலவை இல்லை, இரண்டுமே முழுசாக. தலித் அமைப்பில் போய்ப் பெண் பிரச்சினை பேசினால் ‘முதலில் சாதி’ என்கிறோம். பெண்கள் அமைப்பில் போய்ச் சாதியைப் பேசினால் ‘முதலில் பெண்’ என்கிறார்கள். இரண்டு இடத்திலும் அவளைத் தவிர மற்றவர்களை வைத்துத்தான் வரையறை எழுதப்பட்டிருக்கிறது. பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தபோது, அதில் சாதியும் திருச்சபையும் பெண்ணாக இருப்பதும் ஒரே உடம்பில் ஒன்றாக நின்றதைக் கண்டுதான் பலருக்கு உறுத்தியது.

அதைவிட உறுத்த வேண்டியது ஒன்று இருக்கிறது. புதிரை வண்ணார். நம் சேரிக்குத் துணி வெளுத்து, நம் வீட்டுத் தீட்டுத் துணியையும் சாவுத் துணியையும் சுமந்தவர்கள். தலித்துகளுக்கு ஊழியம் செய்ய வைக்கப்பட்ட தலித்துகள். சாதிப் பட்டியலில் நம்மோடுதான் இருக்கிறார்கள். 2009இல் அவர்களுக்கு நல வாரியம் ஒன்று அரசால் அமைக்கப்பட்டது. அவர்களுக்கு முற்றத்துக்கு வெளியே சோறு போட்டது பார்ப்பனர் இல்லை, பிள்ளைமார் இல்லை. நாம். இந்தப் பத்திரிகையில் எழுதுகிறவர்களும் வாசிக்கிறவர்களும் கூட்டத்தில் ‘தலித் என்றால் ஒடுக்கப்பட்ட அனைவரும்’ என்று பெரிய வட்டமாகத்தான் வரைகிறோம். வீட்டில் பெண் பார்க்கத் தொடங்கும்போது, பறையரா பள்ளரா அருந்ததியரா, அதில் வேதமா இந்துவா, என்ன உட்பிரிவு என்று அம்மாவும் சித்தியும் கேட்கத் தொடங்குவார்கள். புதிரை வண்ணார் வீட்டைப் பற்றி அவர்கள் கேட்பதே இல்லை. கேட்கிற பட்டியலில் அந்தப் பெயரே வராது.